நடு மண்டை

3 பிப்ரவரி 2025, திங்கள். திருப்பதி

நாளைக்கு ரத சப்தமி. இன்றைக்கே மொட்டைக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. தரையெல்லாம் தண்ணீரும் முடியும். இடுப்பு விட்டுப்போய்விட்டது, இருந்தாலும் இதை எழுதாமல் படுக்க முடியாது.

மதியத்துக்கு மேல் ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். நரை கலந்த அடர்த்தியான முடி. தண்ணீர் ஊற்றித் தேய்த்து, இரண்டாகப் பிரித்து, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டேன். பிளேடைப் பாதியாக ஒடித்துக் கத்தியில் செருகி நெற்றிக்கு மேலே வைக்கப் போனால், நடு மண்டையைக் காணோம். இரண்டு காதும் இருக்கின்றன. இரண்டு முடிச்சும் இருக்கின்றன. நடுவில் சாம்பல் நிறத்தில் ஓர் அழுக்கு. கண்ணாடி ஈரமாகிவிட்டது என்று நினைத்துப் புடவையில் துடைத்தேன். போகவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தால் அழுக்கும் கூடவே நகர்ந்து அந்த அம்மாவின் காதின் மேல் உட்கார்ந்தது.

இடது கை விரலை முன்னால் ஓட்டி, அது போன தடத்திலேயே கத்தியை விட்டேன். முப்பது வருஷத்துக் கை. எங்கும் கீறல் விழவில்லை. பக்கத்து இடத்தில் இருக்கும் செல்லியம்மா மட்டும் கேட்டாள்: "இன்னாக்கா, தடவிக்கினே கீற? பேன் பாக்குறியா?" நானும் சிரித்து வைத்தேன்.

இடது கண் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வயசானால் இப்படித்தான் என்று கண்ணாடிக் கடைக்காரன் கண்ணாடியை மாற்றி மாற்றிக் கொடுத்தான், நானும் வாங்கி வாங்கி மாட்டினேன். வலது ஒன்று இருக்கிறதே என்ற திமிர் எனக்கு. இப்போது அதிலும் இது.

இந்த டைரியைப் பூட்டி வைக்கத் தேவையில்லை. என் மகள் சிவசங்கரி தெலுங்கு மீடியத்தில் படித்தவள். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. இந்த வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்தான்.

5 பிப்ரவரி

கதவு நிலை நடுவில் வளைந்து தெரிகிறது. கையால் தடவிப் பார்த்தேன். நேராகத்தான் இருக்கிறது.

11 பிப்ரவரி, செவ்வாய்

சிவசங்கரி ஸ்ரீசிட்டி கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் கிரண்குமாருக்கு இவள் வயசுதான் இருக்கும். சித்தூர்க்காரராம், தமிழும் தெலுங்குமாகப் பேசினார். கையில் ஊசி போட்டு மருந்து ஏற்றினார்கள், கண்ணைப் படம் எடுத்தார்கள், மோவாயை ஒரு தட்டில் வைக்கச் சொன்னார்கள். நான் தினம் எத்தனை பேரைத் தலை குனியச் சொல்கிறேன், இன்று என்னைக் குனிய வைத்தார்கள்.

"இது புரை இல்லம்மா. ஆபரேஷன் பண்ணி லென்ஸ் வெச்சா சரியாப் போறதுக்கு. கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற திரையில நடுப்பகுதி வயசால கெட்டுப்போகுது. அதுக்கு அடியில புதுசா ரத்தக் குழாய் முளைச்சு கசியுது. இடது கண்ணுல தழும்பாயிருச்சு. அதுல இனி செய்ய ஒண்ணுமில்ல. வலது இப்பத்தான் ஆரம்பம், இதைக் காப்பாத்தப் பாக்கலாம்."

எப்படி என்று கேட்டேன். கண்ணுக்குள்ளே ஊசி என்றார். மாசா மாசம். எத்தனை மாசம் என்று கேட்டாள் சிவசங்கரி. அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"சும்மா வீட்லதான்" என்றேன். சிவசங்கரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

12 பிப்ரவரி

கூடத்து மேஸ்திரி ரங்கையாவிடம் சொல்ல மாட்டேன். யாரிடமும் சொல்ல மாட்டேன். முன்பு ஒருத்தி கை நடுங்குகிறது என்று தானே வாய்விட்டுச் சொன்னாள். மறுநாள் காலையில் அவள் இடத்தில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ரங்கையா கெட்டவர் இல்லை. கத்தி சமாசாரம், அவரும் என்ன செய்வார்.

அவர் (என் வீட்டுக்காரர்) செத்த வருஷம் அண்ணன் வீட்டுத் திண்டாட்டம் வேண்டாம் என்று மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி வந்தவள் நான். இந்தக் கூடத்தில் எனக்கென்று ஓர் இடம் கிடைத்தது. எங்கிருந்தெல்லாமோ வருகிறவர்கள், ஆபீசர் பெண்டாட்டி, கூலிக்காரி, எல்லாரும் என் முன்னால் தலை குனிந்துதான் உட்காருகிறார்கள். கத்தி இல்லாவிட்டால் நான் யார்? சிவசங்கரி சோறு போடுவாள், எனக்குத் தெரியும். அந்தச் சோறு எனக்கு இறங்குமா?

பயமாக இருக்கு. வேறென்ன எழுதறது. பயமாத்தான் இருக்கு.

20 பிப்ரவரி

ஊசி போட்டார்கள். ஊசி வருவதே தெரிந்தது. மரத்துப்போக மருந்து விட்டதால் வலி இல்லை, ஆனால் தெரிந்தது.

ஒரு காகிதம் தந்திருக்கிறார்கள். முழுக்கக் கட்டம், நடுவில் ஒரு புள்ளி. இடது கண்ணை மூடிக்கொண்டு தினமும் பார்க்க வேண்டும், கோடு வளைந்தால் உடனே வர வேண்டும். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். எனக்குப் புள்ளியே தெரியவில்லை, கோடு எங்கே வளைகிறது என்று எப்படிச் சொல்வேன்?

27 மார்ச், வியாழன்

இரண்டாவது ஊசிக்கும் கசிவு அடங்கவில்லை. டாக்டர் வேறொன்று சொன்னார். ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறது. அதில் கண்ணுக்குள்ளே கதிர் வைக்கிறார்கள், ஒரே ஒரு தடவை. கசிகிற குழாயை அது சுருங்க வைக்கலாம், ஊசி குறையலாம். இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறதாம்.

"போன பார்வை திரும்ப வராதும்மா. அத நான் இப்பவே சொல்லிடறேன். பல மாசம், வருஷம் கழிச்சு அந்தக் கதிராலயே திரையில சேதம் வரவும் வாய்ப்பு இருக்கு."

அதைவிடப் பெரிய குண்டு ஒன்றையும் போட்டார். இதில் சேருகிற எல்லாருக்கும் நிஜமான கதிர் கிடையாதாம். சிலருக்கு நிஜமாக வைப்பார்கள். சிலருக்கு வைப்பது போலப் பாவனை செய்வார்கள். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி முடிவு செய்யும். நோயாளிக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஊசி மட்டும் தேவைப்படும்போது எல்லாருக்கும் உண்டு.

"அப்ப எங்கம்மாவ ஏமாத்துவீங்களா?" என்று சிவசங்கரி சண்டைக்குப் போனாள். "ஏமாத்தறதா இருந்தா முன்னாடியே சொல்லுவேனா?" என்றார் அவர்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஊசி எப்படியும் போடுவார்கள். இது கிடைத்தாலும் கிடைக்கலாம். தண்ணீரில் போகிறவள் எதைப் பிடிக்கிறோம் என்றா பார்ப்பாள்?

வீட்டுக்கு வரும் வழியில் சிவசங்கரி மெதுவாகக் கேட்டாள்: "மா, அது கேன்சருக்கு வெப்பாங்களே, அந்தக் கரண்ட்தானே?"

5 ஏப்ரல், சனி

என் முடி இடுப்புக்குக் கீழே வரும். ஐம்பத்தொன்பது வயசில் இந்தக் கூடத்தில் யாருக்கும் இப்படி இல்லை. ஊர் முடியெல்லாம் வழித்துப் போட்ட நான் என் முடியை ஒருநாளும் தந்ததில்லை. வீட்டு வேண்டுதலுக்கெல்லாம் நுனியில் மூன்று கத்தரிப்பு மட்டும் கொடுத்து சாமியைச் சமாளித்துவிட்டேன். அவ்வளவு பவிசு.

இன்று கொடுத்துவிட்டேன். எனக்கு நிஜக் கதிராக விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு. கம்ப்யூட்டருக்கு எங்கே போய் வேண்டுவது, அதனால் பெருமாளிடமே சொன்னேன்.

செல்லியம்மாதான் எடுத்தாள். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தொடவேயில்லை. "அக்கா, நெஜமாவா?" என்றாள். எதற்கு என்று கேட்கவில்லை. வேண்டுதலை வாய்விட்டுக் கேட்கக்கூடாது, கேட்டால் சொல்லவும் கூடாது. எங்கள் தொழிலில் முதல் பாடம் அது. முடி மடியில் விழுந்தபோது அவள்தான் அழுதாள்.

16 ஏப்ரல், புதன்

கதிர் வைத்தார்கள். அல்லது வைக்கவில்லை.

கண்ணில் சொட்டு விட்டு மரக்க வைத்தார்கள். மோவாயைத் தாங்கியில் வைத்து, தலையைச் சுற்றி ஒரு பட்டை இழுத்துக் கட்டினார்கள். ஒரு சின்னக் கண்ணாடி வளையத்தைக் கண்ணின் மேல் வைத்ததும் அது கவ்விப் பிடித்துக்கொண்டது. கண் அசையக் கூடாதாம். மெஷின் ஒரு பக்கம் நின்றது, நகர்ந்தது, இன்னொரு பக்கம் நின்றது, மறுபடி நகர்ந்தது. வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. வலி இல்லை. வெளிச்சம்கூட இல்லை.

உள்ளே ஒரு சூடு தெரிந்த மாதிரி இருந்தது. தெரிந்தது. நிச்சயமாகத் தெரிந்தது. டாக்டரிடம் சொன்னேன். "கதிர் பட்டா சூடு தெரியாதும்மா" என்றார். அவருக்கு என்ன தெரியும். கண் என்னுடையது.

19 ஏப்ரல், சனி. கங்காதர நெல்லூர் பக்கம், அண்ணன் வீடு

நான்கு நாள் ஓய்வெடு என்று சிவசங்கரி என்னைச் சித்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அண்ணன் பச்சையப்பன் வந்து அழைத்துப் போனார். முக்காட்டை எடுத்ததும் அண்ணி வள்ளியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னா பத்மினி இது? ஆஸ்பத்திரில இன்னா சொன்னாங்க?"

"கரண்ட் வெச்சாங்க அண்ணி." நான்தான் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது, ஊரில் அதற்கு அதுதான் பேர்.

அவள் மாரில் அடித்துக்கொண்டாள். "எங்க வெச்சாங்க? மார்லயா, கர்ப்பப்பையிலயா?"

"கண்ணுல."

"அய்யோ, கண்ணுல கூடவா அது வரும்!"

நான் தலையால் அடித்துக்கொண்டு சொன்னேன், கேன்சர் இல்லை, வயசானால் வருகிற கண் கோளாறு, மொட்டை வேண்டுதலுக்குப் போட்டது என்று. அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். கேட்டு முடித்து, "நீ தைரியமா இரு, அது போதும்" என்றாள். சாயங்காலத்துக்குள் தெருவே வந்துவிட்டது. இளநீர், ஹார்லிக்ஸ், மாதுளம்பழம். அண்ணன் தோட்டத்துப் பக்கம் போய் நின்றுகொண்டு மூக்கைச் சிந்தினார். பேசாமல் இருந்தவளெல்லாம் வந்து மன்னிப்புக் கேட்கிறாள். பாவிகளா, நான் சாகவில்லை, குருடாகிறேன்.

24 ஏப்ரல், வியாழன். திருப்பதி

செல்லியம்மாவின் பிறந்த வீடு அண்ணன் தெருவில்தான். எனக்கு முன்னால் சேதி கூடத்துக்கு வந்துவிட்டது.

ரங்கையா எழுந்து தன் நாற்காலியைப் போட்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. "பத்மினம்மா, நுவ்வு கூச்சோ, உக்காரு. எப்ப முடியுதோ அப்ப தல எடு. கொழந்தைங்க வேணாம், அதுங்க ஆட்டும், உனக்குத் தெம்பு பத்தாது." செல்லியம்மா தூக்குவாளியில் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்திருந்தாள். எனக்காகச் சனிக்கிழமை சனிக்கிழமை ஒருபொழுது இருக்கப் போகிறாளாம்.

வாயைத் திறந்தேன். இல்லை என்று சொல்லத்தான் திறந்தேன். கண் என்று சொன்னால் இந்த நாற்காலியோடு சேர்த்து என் இடமும் போகும். கேன்சர் என்றால் இடம் இருக்கும், மெதுவாக வேலை செய்யலாம், தடவித் தடவி எடுத்தாலும் பலவீனம் என்று நினைப்பார்கள், குழந்தைத் தலை என்னிடம் வராது. இதெல்லாம் ஒரு மூச்சு விடுவதற்குள் என் மண்டையில் ஓடிவிட்டது.

கூழை வாங்கிக் குடித்தேன்.

22 மே

மூன்றாவது ஊசி. கட்டக் காகிதத்தில் நடுவில் ஓட்டை பெரிதானது போல இருக்கிறது. இல்லை, அப்படியேதான் இருக்கிறது. காலையில் ஒன்று தோன்றுகிறது, மாலையில் ஒன்று.

14 ஜூன், சனி

ஒரு வயசான அம்மாவுக்கு நடு மண்டையில் மரு இருந்திருக்கிறது. முதலில் பார்த்துவிட்டுத்தான் கத்தி வைப்போம், யாராக இருந்தாலும். நான் பார்த்தேன். பார்த்ததில் தெரியவில்லை. விரலும் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. ரத்தம் கழுத்து வரை வந்தது. சந்தனத்தை அப்பினேன், நிற்கவில்லை.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "போவட்டும்மா, சாமி எடுத்துக்கினாரு" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். திட்டியிருக்கலாம். ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

இனிமே போகக்கூடாது. நாளையிலேருந்து போகக்கூடாது.

15 ஜூன்

போனேன்.

18 ஜூலை

எனக்கு முடி முளைக்கிறது. குட்டை குட்டையாக, பாதி வெள்ளை. கூடத்தில் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். செல்லியம்மா வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் கை காட்டுகிறாள்: "அதோ அந்தக்கா, எமன ஏமாத்திட்டு வந்தவங்க. கரண்ட் வெச்சு பொழைச்சு வந்து மறுபடி கத்தி புடிச்சிக்கினு கீறாங்க. அவங்க கைராசி யாருக்கும் வராது." யாரோ ஒருத்தி போனில் வீடியோ எடுத்துப் போட்டுவிட்டாளாம். நோய்க்காக வேண்டிக்கொண்டவர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். வேறு யாரிடமும் உட்கார மாட்டேன் என்கிறார்கள்.

நோயாளிகளின் தலை. நோயாளிகளின் தலைமேல் நான்.

21 ஆகஸ்ட், வியாழன்

கண் படத்தில் மறுபடி கசிவு ஈரம். மறுபடி ஊசி.

கத்திவிட்டேன். "எனக்கு வெச்சது நெஜமா, பொய்யா? அத மட்டும் சொல்லுங்க. நான் முடி குடுத்தேன், தெரியுமா உங்களுக்கு?" வரிசையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் கிரண்குமார் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சா நானே ஆசையில படத்தத் தப்பாப் படிச்சிருவேன்னுதான் எங்கிட்டயும் மறைச்சு வெச்சிருக்காங்க. கடைசியிலதான் சொல்லுவாங்க." கடைசி எப்போது என்று கேட்டேன். இன்னும் ஒன்றரை வருஷமாவது ஆகுமாம்.

தடிமனான கறுப்புப் பேனா வாங்கி எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு நாலு வரிதான் பிடிக்கிறது. முந்தைய பக்கங்களைத் திருப்பினால் எறும்பு ஓடின மாதிரி இருக்கிறது. படிக்க முடியவில்லை. எழுத கை போதும். படிக்கத்தான் கண் வேண்டும்.

20 செப்டம்பர், சனி

புரட்டாசி முதல் சனிக்கிழமை. நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையிலேயே ஒரு புருஷன் பெண்டாட்டி, பங்காருபாளையத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிறவர்கள். அவர் பேர் தனசேகர். கூட நாலு வயசுப் பெண் குழந்தை, பிரித்திகா. ரங்கையா குழந்தைகள் வேண்டாம் என்று சொல்லியும் அவர்கள் நகரவில்லை. தாய்க்காரி என் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"புள்ளைக்குத் தலைல கட்டி எடுத்தாங்கம்மா. அப்புறம் மருந்து ஏத்துனதுல முடியெல்லாம் கொட்டிப்போச்சு. முடி திரும்ப முளைச்சா அத சாமிக்கே தரோம்னு வேண்டிக்கினோம். முளைச்சிடுச்சு. உங்க கையாலதான் எடுக்கணும். வீடியோல பாத்ததிலேருந்து உங்களதான் நெனச்சிக்கினு கீறேன்."

ரங்கையா தலையை ஆட்டினார், ஒரு தலைதானே எடு என்று.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டேன். தண்ணீர் தெளித்தேன். விரல் நீளம்கூட இல்லாத முடி, பட்டு மாதிரி. "நடு மண்டைல தழும்பு கீது, அங்க மட்டும் பாத்து" என்றாள் தாய். பார்த்தேன். இரண்டு காது, பிஞ்சுக் கழுத்து, நடுவில் சாம்பல். தலையைச் சாய்த்தேன், ஓரக் கண்ணால் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் எங்கே பார்க்கிறேனோ அங்கே இல்லை. விரலை ஓட்டினேன். தழும்பு தட்டியது, மெல்லிய தோல், அடியில் எலும்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத மாதிரி. பிளேடை ஒடித்தேன். செருகினேன். எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இந்தக் கை எடுத்துவிடும் என்று இன்னும்கூட நினைத்தேன்.

குழந்தை கையைத் தூக்கி என் தலையைத் தடவியது. "ஆயா, உனக்கும் கொட்டிட்டு முளைச்சுதா?"

கத்தியைத் தரையில் வைத்துவிட்டேன்.

"எனக்குக் கேன்சர் இல்லம்மா" என்றேன். "எப்பவும் இல்ல. எனக்குக் கண்ணு போச்சு. கரண்ட் வெச்சது கண்ணுக்கு. உன் புள்ளையோட நடு மண்ட எனக்குத் தெரியல."

கூடமே நின்றுவிட்டது. தனசேகர் குனிந்து குழந்தையை என் மடியிலிருந்து தூக்கினார். அவர் அடிப்பார் என்று நினைத்தேன், தயாராகத்தான் இருந்தேன். அடித்தது அவர் பெண்டாட்டி. கையால் இல்லை. என் முகத்தையே பார்த்துக் கேட்டாள்:

"அப்ப... பொழைச்சு வந்தவங்கன்னு யாருமே இல்லியா?"

அவள் என் கைக்காக வரவில்லை. பிழைத்த ஒருத்தியைக் கண்ணால் பார்க்க வந்திருக்கிறாள்.

செல்லியம்மா எழுந்து வந்தாள். என்னைப் பார்க்காமல் கத்தியை எடுத்து, புது பிளேடு மாட்டி, "குடுங்க, நான் எடுக்கறேன்" என்றாள். குழந்தை வீறிட்டது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. கையைப் பிடித்தார்கள், காலைப் பிடித்தார்கள், தலை நிற்கவில்லை. நான் தவழ்ந்து போய் முன்னால் உட்கார்ந்து இரண்டு கையிலும் அந்தத் தலையை ஏந்திக்கொண்டேன். அழுத்தவில்லை. காதுக்குக் கீழே, தாடை எலும்பில். இளம் தலை எங்கே பிடித்தால் அடங்கும் என்று கைக்குத் தெரியும். "கண்ண மூடிக்கோ, நானும் மூடிக்கிறேன்" என்றேன். மூடிக்கொண்டது. செல்லியம்மா எடுத்து முடித்தாள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

ரங்கையா சத்தம் போடவில்லை. "ரேப்பு ராவொத்து பத்மினம்மா" என்றார். நாளைக்கு வராதே.

21 செப்டம்பர்

போகவில்லை.

2 அக்டோபர்

செல்லியம்மா போனை எடுப்பதில்லை. ஒரு தடவை எடுத்தாள். "உனக்கோசரம் அத்தன சனிக்கெழம வயித்தக் காயப்போட்டேனே. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல" என்றாள். வைத்துவிட்டாள்.

திட்டு வாங்கினால் மனசு லேசாகும் என்பார்கள். ஆகவில்லை.

9 அக்டோபர்

சிவசங்கரி விடியுமுன் கம்பெனி பஸ்ஸுக்குப் போகிறாள், இருட்டின பிறகு வருகிறாள். நடுவில் நானும் கட்டக் காகிதமும். அரிசியில் கல் இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் சோற்றில் கடிபடுகிற கல்லைத் துப்பிவிட்டுச் சாப்பிடுகிறாள். "துன்னும்மா, ஏன் அப்படியே வெச்சிக்கினு கீற?" என்கிறாள். இறங்கவில்லை. நான் சொன்னது போலவே இறங்கவில்லை.

எதுக்கு இந்தக் கண்ணு? மொத்தமா போயிட்டா பாக்கணும்னு ஆசையாவது போகும்.

13 நவம்பர், வியாழன்

படம் எடுத்தார்கள். ஈரம் இல்லை. போன மாசமும் இல்லை. "இந்தத் தடவையும் ஊசி வேணாம்மா" என்றார் டாக்டர். கதிராலா என்று கேட்டேன். இருக்கலாம், முன்பு போட்ட ஊசிகளாலும் இருக்கலாம், மறுபடி கசியவும் செய்யலாம் என்றார். நடுவில் இருக்கிற அழுக்கு போகாது. அது இனி அங்கேதான். ஓரம் இருக்கும், ஓரத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார்.

இன்று அவரிடம் என் வேலை என்னவென்று சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "இத்தன நாளா?" என்றார். இத்தனை நாளாகத்தான்.

12 டிசம்பர், வெள்ளி

செல்லியம்மா வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு பேசினாள்.

"கூட்டம் தாங்கல. புள்ளைங்க தலைய ஆட்டுதுங்க, அம்மாக்காரிங்களுக்குப் புடிக்கத் தெரியல. மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன். நீ வந்து தல புடி. கத்திய மட்டும் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்."

கோபம் தீர்ந்துதா என்று கேட்டேன். "எங்க தீர்ந்துது" என்று சொல்லிவிட்டுப் போனாள். தூக்குவாளியை வாசல்படியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கூழ்.

இப்போது யார் எதிரில் நான் தலை நிமிர்ந்து உட்காருவேன்? போகலாமா, வேண்டாமா? தெரியவில்லை.

15 டிசம்பர், திங்கள்

போனேன்.

என் பழைய இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். நான் செல்லியம்மாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். பிளேடு ஒடிகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் வலது கை தானாக எழுந்தது. அதை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். கைராசிக்காரி எங்கே என்று கேட்டு இன்றும் ஒருத்தி வந்தாள். "அப்படி யாரும் இல்லம்மா" என்று நானே சொல்லி அனுப்பினேன்.

முதலில் வந்தது புத்தூர்க்காரர்களின் ஆண் குழந்தை, ஒரு வயசு ஆகவில்லை. ஊரைக் கூட்டுகிற அழுகை. என் மடியில் படுக்க வைத்தார்கள். குனிந்து பார்த்தேன். மூக்கு தெரியவில்லை, வாய் தெரியவில்லை, நடு மண்டை தெரியவில்லை.

"புடிச்சியா?" என்றாள் செல்லியம்மா.

காது இரண்டும் தெரிந்தது. "புடிச்சேன், எடு" என்றேன்.